வெளியீட்டுத் தேதிக்கு 26 நாள் முன்பே அந்த சீடி லண்டன் கடையில் இருந்திருக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மறைந்த உங்கள் சித்தப்பாவின் பெட்டியிலிருந்து ரேடியோஹெட் குழுவின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஜப்பான் பதிப்பு சீடி ஒன்று கிடைத்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காகிதப் பட்டையில் 97.5.21 என்று அச்சாகியிருக்கிறது. இணையத்தில் தேடினால் அந்த ஆல்பம் வெளியான நாள் 1997 ஜூன் 16 என்று வருகிறது. சித்தப்பாவோ அதை மே மாதக் கடைசியிலேயே லண்டனில் ஒரு கடையில் வாங்கியதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே இது போலியா என்று கேட்கிறீர்கள். போலியா என்பதைவிட, சித்தப்பா கதை விட்டாரா என்பதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருக்கமாக. பட்டையில் உள்ள தேதி சரியான தேதிதான். அந்த சீடி மே கடைசியில் லண்டனில் விற்றிருக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். உங்கள் கையில் இருக்கும் பிரதி அப்போது வாங்கியதுதானா என்பதைத் தேதியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு வேறு சில அடையாளங்களைப் பார்க்க வேண்டும், கீழே சொல்கிறேன். நான் 1994 முதல் 2003 வரை மத்திய லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவன். அதில் ஏழு வருடம் இறக்குமதிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஜப்பான், அமெரிக்கா, ஜெர்மனி என்று எங்கிருந்து பெட்டி வந்தாலும் கத்தி போட்டுப் பிரித்தது நான்தான். சட்டம் படித்தவன் கிடையாது. சட்டம் பற்றிச் சொல்வதைக் கடைக்காரன் தெரிந்துவைத்திருந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆல்பத்துக்கு ஒரே வெளியீட்டுத் தேதி என்று ஒன்று இருக்கவில்லை. ஜப்பானில் 1997 மே 21, பிரிட்டனில் ஜூன் 16, அமெரிக்காவில் ஜூலை 1. நாட்காட்டியை எடுத்துக் கிழமையைப் பாருங்கள்: புதன், திங்கள், செவ்வாய். அது தற்செயல் இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் புது ஆல்பம் வரும் கிழமை ஒன்று இருந்தது. பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய், ஜப்பானில் பெரும்பாலும் புதன். பிரிட்டிஷ் குழு ஒன்றின் ஆல்பம் என்பதால் இணையத்தில் பிரிட்டிஷ் தேதியை முன்னால் போடுகிறார்கள். மற்ற தேதிகள் அதே பக்கத்தில் கீழே எங்காவது கிடக்கும்.

இந்தக் கிழமைக் கணக்கு ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். எந்த ஆல்பம் அதிகம் விற்றது என்று வாராவாரம் வரிசைப்படுத்தும் விற்பனைப் பட்டியல் ஒன்று உண்டு; பிரிட்டனில் அதற்கான வாரம் ஞாயிறு தொடங்கி சனியில் முடிந்தது. பட்டியலை ஞாயிறு மாலை அறிவிப்பார்கள். திங்களன்று ஆல்பம் வந்தால் ஆறு முழு நாள் விற்பனை அந்த வாரத்தில் சேரும். முதல் வாரத்தில் எந்த இடத்தில் நுழைகிறது என்பதை வைத்துத்தான் வானொலி, பத்திரிகை எல்லாம் பேசும். இப்போது ஒரு கடைக்காரர் ஆசைப்பட்டு முந்தைய சனிக்கிழமையே நூறு பிரதி விற்றுவிட்டால், அந்த நூறும் முந்தைய வாரக் கணக்கில் போய்விழும். நூறு கடைகள் அப்படிச் செய்தால் ஆல்பம் முந்தைய வாரமே கீழே ஏதோ ஓர் இடத்தில் பரிதாபமாக நுழைந்து, முதலிடத்தில் புதிதாக நுழைந்தது என்ற பெருமை போய்விடும். இசைத்தட்டுக் கம்பெனிகள் தேதியில் இவ்வளவு கறாராக இருந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் காரணம் லாரி. அது பெரிய நாடு. கிடங்குக்குப் பக்கத்தில் உள்ள கடைக்கு வெள்ளிக்கிழமையே சரக்கு வந்துவிடும், தூரத்தில் இருப்பவருக்குத் திங்கள் மதியம் ஆகும். முதலில் கிடைத்தவர் முதலில் விற்பார், அடுத்த தெருக்காரர் கம்பெனிக்கு போன் போட்டுக் கத்துவார். 1989ல் செவ்வாய் என்று பொதுவாக முடிவு செய்தார்கள். திங்களுக்குள் எல்லோருக்கும் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும், செவ்வாய் காலை எல்லோரும் ஒன்றாகக் கடை திறக்கலாம். அதிலிருந்து பிறந்ததுதான் நள்ளிரவு விற்பனை. செவ்வாய் தொடங்குவது திங்கள் நள்ளிரவு 12 மணிக்குத்தானே! 1991 செப்டம்பர் 17 அன்று கன்ஸ் அண்ட் ரோசஸ் ஒரே நாளில் இரண்டு ஆல்பம் வெளியிட்டபோது அமெரிக்கா முழுக்கக் கடைகள் நள்ளிரவில் திறந்தன, வரிசை தெருமுனை தாண்டி நின்றது.

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். உள்ளூர்க் கம்பெனிகளின் பெட்டிகள் வெள்ளிக்கிழமை மதியம் வரும். திங்களுக்கு முன் விற்கக் கூடாது என்று மேலே ஒட்டியிருக்கும். எண்ணிப் பார்த்து, விலை ஒட்டி, பின்னறையில் அடுக்கி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடி வைப்போம். சனிக்கிழமை கடையில் நிற்க இடம் இருக்காது. ‘அந்தப் புது ஆல்பம் வந்துவிட்டதா?’ என்று பத்து நிமிடத்துக்கு ஒருவர் கேட்பார். இருநூறு பிரதி பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்க, ‘திங்கட்கிழமை வாருங்கள்’ என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொல்வோம். 1994ல் வந்த சட்டத்தால் பெரிய கடைகளும் ஞாயிறன்று ஆறு மணி நேரம் திறக்கலாம் என்று ஆகியிருந்தது. அதனால் ஞாயிறு மாலை கடை மூடிய பிறகுதான் அடுக்குகளை மாற்றுவோம். விதியை மீறி முன்னால் விற்ற கடைக்கு போலீஸ் வராது, அபராதச் சீட்டும் வராது. அடுத்த பெரிய ஆல்பத்தின் பெட்டி வெள்ளிக்கு பதில் திங்கள் மதியம் வந்துசேரும், அவ்வளவுதான். அந்த ஒரு காலைப்பொழுது பக்கத்துக் கடைக்காரர் விற்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போதுமான தண்டனை. ஒரு தடவை எங்களுக்கே அது நடந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் தன் சிநேகிதிக்கு சனிக்கிழமை ஒரு பிரதி விற்றுவிட்டான், அவள் அதை வாங்கியதைச் சொல்லக் கூடாத இடத்தில் சொல்லிவிட்டாள்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது பாருங்கள். வெளியீட்டுத் தேதி என்பது சட்டம் இல்லை. ஒரு கம்பெனிக்கும் அதனிடம் சரக்கு வாங்கும் கடைக்கும் இடையிலான வாக்கு. உள்ளூர்க் கம்பெனியின் பெட்டியில் வந்த சீடிக்குத்தான் அந்த வாக்கு பொருந்தும். அதே ஆல்பம் ஜப்பானிலிருந்து வேறு பெட்டியில், வேறு மொத்த வியாபாரியிடமிருந்து வந்தால், நாங்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. ஆகவே 1997 ஜூன் மாதத்தில், ஒரே கடையில், பின்னறையில் துணிக்கு அடியில் பிரிட்டிஷ் பதிப்பு திங்களுக்காகக் காத்திருக்க, இறக்குமதி அடுக்கில் ஜப்பான் பதிப்பு மூன்று வாரமாக விற்றுக்கொண்டிருப்பது எங்களுக்கு விசித்திரமாகவே தெரியாது.

அது எப்படி வந்து சேரும்? டோக்கியோவிலிருந்து வாராவாரம் ஃபேக்ஸ் வரும். பதிவு எண், குழுவின் பெயர், யென் விலை, ஜப்பானில் வெளியாகும் நாள் என்று வரிசையாக நான்கைந்து பக்கம். எது போகும், எது போகாது என்று பார்த்து, எண்ணிக்கை எழுதித் திருப்பி அனுப்புவேன். வெளியாகும் நாளை ஒட்டி விமானத்தில் ஏற்றுவார்கள். சுங்கம், அதன்மேல் 17.5 சதவீத மதிப்புக் கூட்டு வரி எல்லாம் கட்டி, அந்த வாரக் கடைசியிலோ அடுத்த வாரத் தொடக்கத்திலோ பெட்டி கடைக்கு வந்துவிடும். உள்ளூர் சீடி 13, 14 பவுண்டுக்கு விற்ற காலம் அது. ஜப்பான் சீடியை 20 பவுண்டுக்குக் கீழே தர எங்களால் முடியாது, பல சமயம் 22, 23 கூட ஆகும். ஆனாலும் வாங்குவார்கள். ஒரு மாதம் முன்னால் கேட்டுவிடலாம் என்ற அவசரக்காரர்கள் பாதி. பட்டையோடு, ஜப்பானிய மொழி வரிகள் அச்சிட்ட சிறு புத்தகத்தோடு வேண்டும் என்ற சேகரிப்பாளர்கள் மீதிப் பாதி. உங்கள் சித்தப்பா எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும். பட்டையைக் கிழிக்காமல் இத்தனை வருடம் வைத்திருந்ததைப் பார்த்தால் இரண்டாவது வகை போலத்தான் இருக்கிறது.

சரி, ஆங்கிலேயர்களின் ஆல்பம் ஏன் ஜப்பானில் ஒரு மாதம் முன்னால் வர வேண்டும்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஜப்பானில் 1953ல் திருத்தப்பட்ட ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் புத்தகம், செய்தித்தாள், இசைத்தட்டு மூன்றுக்கும் தயாரிப்பாளரே சில்லறை விலையைக் கட்டுப்படுத்தலாம் என்று விலக்கு கிடைத்தது. அதற்கு ‘சாய்ஹான்’ முறை என்று பெயர். கம்பெனி 2,500 யென் என்று போட்டால் எந்தக் கடையும் குறைத்து விற்க முடியாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் சீடிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. டவர் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கடை நிறுவனம் 1980ல் சப்போரோவிலும் 1981ல் ஷிபுயாவிலும் கடை திறந்து அமெரிக்கத் தட்டுகளைக் குறைந்த விலைக்குக் குவித்தது. ஒரே ஆல்பம், பக்கத்துப் பக்கத்து அடுக்கில், உள்நாட்டுப் பதிப்பு விலை கூட, இறக்குமதி மலிவு. உள்நாட்டுப் பதிப்பை யார் வாங்குவார்? அதனால்தான் ஜப்பான் கம்பெனிகள் வெளிநாட்டுக் குழுக்களிடம் மன்றாடி ஒன்றிரண்டு கூடுதல் பாட்டு வாங்கிச் சேர்த்தன, பாடல் வரிகளை மொழிபெயர்த்துப் போட்டன, விமர்சகரை வைத்துக் கட்டுரை எழுதிச் சேர்த்தன. வெளியீட்டையும் முன்னால் இழுத்தன. இறக்குமதி சீடி கப்பலேறுவதற்கு முன்பே தங்கள் சீடி கடையில் இருந்துவிட்டால் போட்டியே இல்லையே.

வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஜப்பான்காரர்கள் தேதியை முன்னால் தள்ளப்போய், அவர்களுடைய சரக்கு எங்கள் நாட்டுக்கு இறக்குமதியாக வந்து எங்கள் உள்ளூர்க் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. நான் பார்த்த வரையில் அந்தக் காலத்துத் தேதிகள் எல்லாம் வேலிகள். ஒவ்வொரு நாட்டுக் கம்பெனியும் தன் தோட்டத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டது. எங்கள் இறக்குமதி அடுக்கு அந்த வேலிகளின் ஓட்டை வழியாக வந்ததை வைத்துப் பிழைத்தது.

அந்த வேலி பிய்ந்துவிடும் என்ற பயம் தேதியையே மாற்றியதற்கு அதே 1997 கோடையிலிருந்து ஒரு கதை சொல்கிறேன். ஒயாசிஸ் குழுவின் ‘பீ ஹியர் நவ்’ பிரிட்டனில் ஆகஸ்ட் 21 அன்று வந்தது. அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமைக்குப் பழகிப்போன எங்களுக்கு அது பண்டிகைத் தேதி மாறியது போல இருந்தது. காரணம், அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் பிரதிகள் இறக்குமதியாக பிரிட்டனுக்குள் நுழைந்துவிடும் என்று குழுவின் நிர்வாகத்தினர் பயந்து தேதியை முன்னால் இழுத்ததுதான். காலை எட்டு மணிக்குக் கடை திறந்தோம். டீவிக்காரர்கள் கேமராவோடு திரிந்தார்கள். வரிசையில் நின்றவர்களைவிட அவர்களைப் பேட்டி எடுக்க வந்தவர்கள் அதிகமோ என்று தோன்றியது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கூட்டம் வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை. நாடு முழுக்க அந்த ஒரு நாளில் நான்கு லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. சனிக்கிழமை முடிவதற்குள் ஆறரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. மூன்றே நாள் விற்பனை.

இறக்குமதி விற்பது சட்டப்படி சரியா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்வி அதில் தொக்கி நிற்கிறது. ஐரோப்பாவுக்குள் என்றால் விடை தெளிவு. ஜெர்மனியின் டாய்ச்ச கிராமஃபோன் கம்பெனி தன் பிரெஞ்சுக் கிளைக்கு விற்ற தட்டுகள் சுற்றிவளைந்து ஜெர்மனிக்கே திரும்பி வந்தன. மெட்ரோ என்ற வணிக நிறுவனம் அவற்றைக் கம்பெனி விலைக்குக் கீழே விற்றது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ஓர் உறுப்பு நாட்டில் நீங்களே விற்றுவிட்ட தட்டு இன்னொரு உறுப்பு நாட்டுக்குள் வருவதை உங்கள் உரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று 1971ல் தீர்ப்பு வந்தது. ஆகவே ஜெர்மன், பிரெஞ்சுப் பதிப்புகளை நாங்கள் பயமில்லாமல் விற்றோம். ஐரோப்பாவுக்கு வெளியே என்றால் கதை வேறு. 1988ன் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டப்படி, ஜப்பானில் முறையாகத் தயாரான அசல் சீடியே ஆனாலும், பிரிட்டனில் உரிமை வைத்திருப்பவரின் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தால் அது உரிமை மீறல் ஆகலாம். அதாவது பொருள் அசல், அது இங்கே வந்த விதத்தில் சிக்கல். அசல் சீடியைப் பலர் ‘திருட்டு சீடி’ என்று தவறாகச் சொல்வது இந்தக் குழப்பத்தில்தான்.

நடைமுறையில் பத்து, பதினைந்து பிரதி விற்கும் கடையை யாரும் கண்டுகொள்ளவில்லை. எண்ணிக்கை பெருகினால் வக்கீல் கடிதம் வரும். எங்களுக்கும் ஒரு கம்பெனியிடமிருந்து ஒரு தடவை வந்தது. முதலாளி அதைப் படித்துவிட்டு, அந்த ஆல்பத்தை அடுக்கிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குக் கீழே வைக்கச் சொன்னார். கேட்பவருக்கு மட்டும் கொடு என்றார். இணையத்தில் மொத்தமாக விற்கத் தொடங்கிய பிறகுதான் கம்பெனிகள் உண்மையிலேயே பாய்ந்தன. ஹாங்காங்கிலிருந்து மலிவாக அனுப்பிக்கொண்டிருந்த சீடி வாவ் என்ற நிறுவனம் 2004ல் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அதை மீறியது என்று 2007ல் லண்டன் உயர் நீதிமன்றம் கண்டு, 4 கோடியே 10 லட்சம் பவுண்டு கட்டச் சொன்னது. எங்கள் பதினைந்து பிரதி எங்கே, அது எங்கே.

விற்பனைப் பட்டியல் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதிலும் இறக்குமதி தலைகாட்டியிருக்கிறது. த ஜாம் குழுவின் ‘தட்ஸ் என்டர்டெயின்மென்ட்’ பிரிட்டனில் அப்போது தனிப்பாட்டுத் தட்டாக வெளியாகவில்லை. 1981ல் ஜெர்மன் தட்டு இறக்குமதியாக வந்தே பிரிட்டிஷ் பட்டியலில் 21வது இடத்தைத் தொட்டது. 1999ல் இத்தாலியின் ஐஃபெல் 65 குழுவின் ‘ப்ளூ’ பாட்டு பிரிட்டனில் வெளியாகும் முன்பே இறக்குமதித் தட்டுகளால் நாற்பதுக்குள் வந்துவிட்டது. பிறகு முறையாக வெளியாகி முதலிடம். அந்த வருடம் கோடை விடுமுறைக்கு ஸ்பெயின் போய் வந்தவர்கள் எல்லாம் கடைக்கு வந்து அந்தப் பாட்டை வாயால் பாடிக் காட்டிக் கேட்பார்கள். சிலர் பாடியதை வைத்து எந்தப் பாட்டு என்று கண்டுபிடிப்பது தனிக் கலை.

அமெரிக்காவில் இறக்குமதி சேகரிப்புக்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. நான் அங்கே வேலை பார்த்ததில்லை, எல்லோரும் அறிந்ததை மட்டும் தொட்டுச் செல்கிறேன். பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ 1966 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டனில் 14 பாட்டோடு வந்தது. மூன்று நாள் கழித்து அமெரிக்காவில் வந்த பதிப்பில் 11தான். வெட்டாத பதிப்பு வேண்டும் என்றால் பிரிட்டிஷ் தட்டைத்தான் தேட வேண்டும். த க்ளாஷ் குழுவின் முதல் ஆல்பம் 1977 ஏப்ரலில் பிரிட்டனில் வெளியானது. அமெரிக்க வானொலிக்கு ஒத்துவராது என்று அங்குள்ள கம்பெனி அதை வெளியிடாமல் விட்டது. 1979 ஜூலையில்தான், அதுவும் பாட்டுகளை மாற்றி, அமெரிக்கப் பதிப்பு வந்தது. இடைப்பட்ட இரண்டு வருடத்தில் ஒரு லட்சம் பிரதி இறக்குமதியாகவே விற்றது என்று சொல்வார்கள். இறக்குமதி வியாபாரிகள் சொன்ன சுற்றுக் கணக்காகத்தான் அதை நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் அந்த விற்பனையைப் பார்த்துத்தான் கம்பெனிக்குப் புத்தி வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி உங்கள் சீடிக்கு வருவோம். கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தக் காகிதப் பட்டை. ஜப்பானியர்கள் அதை ‘ஓபி’ என்பார்கள், கிமோனோவின் இடுப்புப் பட்டைக்கு உள்ள அதே பெயர். 97.5.21 என்பது ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாள். வேறு எந்த நாட்டிலும் வெளியீட்டு நாளை இப்படிச் சீடியிலேயே அச்சடிக்கும் வழக்கத்தை நான் பார்த்ததில்லை. மற்ற நாட்டு சீடிகளில் வட்டத்துக்குள் எழுத்துப் போட்டு ஒரு வருடம் மட்டும் இருக்கும். அது உரிமை தொடங்கும் வருடம், கடைக்கு வந்த நாள் அதில் தெரியாது. உங்கள் பட்டையில் அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே சுமார் இரண்டு வருடம் தள்ளி இன்னொரு தேதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், சாய்ஹான் விலைக்கட்டுப்பாடு அந்த சீடிக்கு முடியும் நாள் அது. தொண்ணூறுகளில் அந்தக் கட்டுப்பாட்டுக்குக் கால வரம்பு வைத்ததால் வந்த அடையாளம். பலர் அதைப் பார்த்து மறுபதிப்புத் தேதி என்று நினைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது விலை. இது எனக்குப் பிடித்த சோதனை. ஜப்பானில் விற்பனை வரி 1989 ஏப்ரல் 1 முதல் 3 சதவீதம், 1997 ஏப்ரல் 1 முதல் 5 சதவீதம். சீடிகளில் வரியோடு சேர்ந்த விலையும் வரி இல்லாத விலையும் இரண்டும் அச்சாகியிருக்கும். அடிப்படை விலை 2,427 யென் என்று வைத்துக்கொண்டால் 3 சதவீதத்தில் சரியாக 2,500 வரும், 5 சதவீதத்தில் 2,548 வரும். உங்களுடையது வரி உயர்ந்து ஏழு வாரம் கழித்து வெளியானது. ஆகவே இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் 5 சதவீதமாக இருக்க வேண்டும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். போலி அடிப்பவர்கள் அட்டையை அப்படியே நகல் எடுத்தால் இதுவும் சரியாகவே வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பழைய பட்டையை வேறு சீடியோடு சேர்த்து விற்கும் ஆட்களை இது பிடித்துக்கொடுத்திருக்கிறது.

பிறகு தட்டைத் திருப்பி, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். ஐஎஃப்பிஐ (IFPI) என்ற நான்கு ஆங்கில எழுத்தும் பக்கத்தில் சில எழுத்தோ எண்ணோ மிகச் சிறியதாகத் தெரியும். எந்தத் தொழிற்சாலையில் உருவானது என்பதைக் கண்டுபிடிக்க 1994ல் கொண்டுவந்த அடையாளம் அது. 1997ல் முறையாக அச்சான தட்டில் அது இருப்பதைத்தான் எதிர்பார்ப்பேன். இல்லாவிட்டால் உடனே போலி என்று முடிவுகட்ட மாட்டேன். எல்லாத் தொழிற்சாலையும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பதிவு எண் டிஓசிபி (TOCP) என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டும். தோஷிபா-ஈஎம்ஐ என்ற ஜப்பான் கம்பெனி வெளிநாட்டு ஆல்பங்களுக்குப் பயன்படுத்திய வரிசை அது. பட்டை, பின்னட்டை, தட்டின் முகம் மூன்றிலும் அதே எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை, வளையம், பதிவு எண் மூன்றும் ஒத்துப்போனால், அசல் என்றே நான் எடுத்துக்கொள்வேன். படத்தை மட்டும் பார்த்து அதற்குமேல் உறுதி சொல்வதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நானும் சொல்ல மாட்டேன்.

அசல் என்று ஆகிவிட்டாலும் சித்தப்பா வாங்கிய நாள் அதில் எழுதியிருக்காது. அதே பதிப்பை அவர் 1998ல் பழைய தட்டுக் கடையில்கூட எடுத்திருக்கலாம். டோக்கியோ போய் வந்த நண்பர் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அப்படி டோக்கியோவில் வாங்கியிருந்தால் மே 20 செவ்வாய்க்கிழமையே கூடக் கிடைத்திருக்கும். ஜப்பான் கடைகளுக்கு முதல் நாளே சரக்கு வந்துவிடும், வந்ததும் அடுக்கில் வைத்துவிடுவார்கள். ஒரு நாள் முன்னால் வாங்குவதற்குப் பின்னாளில் ‘ஃபுராகே’ என்று செல்லப்பெயரே வந்துவிட்டது. எங்கள் கம்பெனிகள் பார்த்தால் மயங்கி விழுந்திருக்கும். ஆனால் மே கடைசியில் லண்டனில் வாங்கினேன் என்று அவர் சொன்னதில் நடக்க முடியாதது எதுவும் இல்லை. நானே அந்த வாரம் அதை விற்றிருக்கிறேன். முதல் தவணையில் வந்த பிரதிகள் இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை என்பது நினைவிருக்கிறது.

இன்றைக்கு இதெல்லாம் இளையவர்களுக்கு ஏன் புரிவதில்லை என்றால், 2015 ஜூலை 10 முதல் பெரும்பாலான நாடுகளில் எல்லாப் புது இசையும் ஒரே வெள்ளிக்கிழமை வருகிறது. இணையத்தில் ஓர் இடத்தில் கசிந்தால் எல்லா இடத்திலும் கசிந்தது போலத்தான், பிறகு தனித்தனி தேதிக்கு என்ன வேலை? அதன் அறிகுறி முன்பே தெரிந்தது. 2002ல் எமினெமின் ‘த எமினெம் ஷோ’ ஜூன் 4 அன்று வருவதாக இருந்தது. திருட்டுப் பிரதிகள் தெருவிலும் இணையத்திலும் பரவியதால் மே 26, ஞாயிற்றுக்கிழமை என்று முன்னால் தள்ளிவிட்டார்கள். முழு வாரம்கூட இல்லாத விற்பனையிலேயே அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஜப்பான்காரர்கள் மட்டும் உள்நாட்டு ஆல்பங்களுக்குப் பெரும்பாலும் இன்னும் புதன்கிழமையை விடவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிளாஸ்டிக் பெட்டியின் மேலோ, உறை இன்னும் இருந்தால் அதன் மேலோ, பழைய விலைச் சீட்டு ஏதாவது ஒட்டியிருந்தால் தயவுசெய்து நகத்தால் சுரண்டாதீர்கள். பல இறக்குமதிக் கடைகளில் சரக்கு வந்த வார எண்ணைச் சீட்டின் மூலையில் பேனாவால் எழுதிவைப்போம், எத்தனை நாள் விற்காமல் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள. பவுண்டு விலைக்குப் பக்கத்தில் சிறியதாக 21 அல்லது 22 என்று இருந்தால் அது 1997 மே மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களில் ஒன்று. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கையெழுத்து என்னுடையதா என்று பார்த்துச் சொல்கிறேன்.